வகுப்பறையின் வழியே வந்த விளம்பரமில்லாத் திரை: கல்வித் தொலைக்காட்சியின் வரலாறு

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. வணிக விளம்பரமின்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென மாநில அரசே நடத்தும் இந்த அலைவரிசையைக் கொரோனாக் காலத்துப் படைப்பு என்று கருதுவோர் உண்டு. ஆனால் பொதுமுடக்கத்துக்கு ஏழு மாதம் முன்பே அது ஒளிபரப்பில் இருந்தது. விண்ணிலிருந்து பாடம் நடத்தும் பழைய கனவும், வீடுதோறும் திரையையும் கேபிளையும் கொண்டு சேர்த்த மாநில அரசியலும் கூடிப் பெற்ற பிள்ளை அது. அதன் பலம், குறை இரண்டுக்கும் இந்தப் பிறப்பே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் வேர் 1975இல் ஊன்றியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு ‘சைட்’ என்னும் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனைத் திட்டம் நிகழ்ச்சிகளை அனுப்பியது. காலை நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது. ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. 2000இல் ஞான தர்ஷன் என்னும் கல்வி அலைவரிசை வந்தது; 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதைக் கொண்டு கேரளம் அடுத்த ஆண்டே ‘விக்டர்ஸ்’ அலைவரிசையைத் தொடங்கிவிட்டது. இந்த மரபில் விளம்பரத்தை விலக்க யாரும் தனியே முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. பாடவேளைக்கு நடுவே பிஸ்கட் விற்பது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வேர் முழுக்கத் தமிழ்நாட்டு மண்ணுக்குரியது. 2006இல் திமுக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கத் தொடங்கியது. 2007இல் உருவாகி முடங்கிக் கிடந்த அரசு கேபிள் நிறுவனத்துக்கு 2011இல் அதிமுக அரசு உயிரூட்டியது. இரண்டும் பிள்ளைகளின் படிப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் படப்பிடிப்புக் கூடம் அமைந்தபோது, பாடம் போய்ச் சேரும் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. திருவள்ளூர் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். செவ்வாப்பேட்டை ரோடு போன்ற நிலையங்களில் ரயிலேறி வேலைக்குப் போகிறவரோடு, வீட்டில் ஒன்றே ஒன்று என்றிருக்கும் ஸ்மார்ட்போனும் போய்விடும்; தொலைக்காட்சிப் பெட்டி வீட்டிலேயே இருக்கும். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இந்த வேறுபாடுதான் கணக்கில் வந்தது.

யூடியூப் இருக்கையில் இப்படியோர் அலைவரிசை தேவையா என்பார்கள். யூடியூபுக்கு டேட்டா வேண்டும், தனிக் கருவி வேண்டும். போதாக்குறைக்கு அங்கே விளம்பரமும் உண்டு. அரசு நடத்தினால் அது அரசின் ஊதுகுழல் ஆகாதா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு மருந்து தன்னாட்சி கொண்ட நிர்வாகக் குழு. அலைவரிசையை மூடுவது அல்ல. பிள்ளைகள் இதை விரும்பிப் பார்ப்பதில்லை என்பதே கனமான மறுப்பு. 2007இல் வந்த சுட்டி டிவி ‘டோரா’ கார்ட்டூனைத் தமிழ் பேச வைத்துப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது; ஆனால் அது விளம்பர வருவாயை நம்பிய தனியார் முயற்சி. ஆக, விளையாட்டும் கதையும் சந்தைக்குப் போயின. பாடம் மட்டும் அரசிடம் தங்கிற்று. ஜெர்மனியில் 1997இல் தொடங்கிய ‘கிகா’வும் பிரிட்டனில் 2002இல் வந்த ‘சிபிபிசி’, ‘சிபீபீஸ்’ அலைவரிசைகளும் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. மக்கள் செலுத்தும் கட்டணத்தில், கார்ட்டூனையும் சிறுவர் செய்தியையும் நாடகத்தையும் விளம்பரமின்றி அவை தருகின்றன.

நம் கேபிள் விதிகள் பிள்ளைகளுக்குத் தீங்கான விளம்பரத்தைத் தடுக்கின்றனவே தவிர, பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தை அடியோடு தடுக்கவில்லை. எனவே விளம்பரமற்ற பொழுதுபோக்கைப் பொது நிதியால்தான் தர முடியும். அதற்கான கூடம், கேபிள், பார்வையாளர் மூன்றும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கல்வித் தொலைக்காட்சி தன் மாலை நேரத்தைப் பாடத்திலிருந்து விடுவித்து, பதின்பருவத்தினருக்கும் சிறு பிள்ளைகளுக்குமான கதை, அறிவியல், விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்க வேண்டும்.