ஆறு நிமிட ஓட்டம்: இந்தியக் கடற்படையின் இலகு ரக டார்பிடோ வளர்ந்த கதை

மாங்காட்டில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கடியில் ஓடும் ஆயுதத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எங்களுக்கு நீர் என்றால் செம்பரம்பாக்கம் ஏரி. ராணுவம் என்றால் வடக்கே ஆவடி: டேங்க் ஃபேக்டரி, அங்கே ஷிப்டுக்குப் போய்வரும் ஆட்கள். ஆனால் மாங்காட்டிலிருந்து நேர் மேற்கே ஏறக்குறைய 45 கி.மீ. தொலைவில், கடல் கண்ணுக்கே எட்டாத அரக்கோணத்தில், நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்கும் விமானங்களின் தளம் இருக்கிறது. 1992 மார்ச் 11 அன்று பணியில் சேர்ந்த அந்தத் தளத்துக்குக் கடற்படை வைத்த பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. அந்த விமானங்களின் வயிற்றில் தொங்கும் ஆயுதம்தான் இலகு ரக டார்பிடோ. நாம் சொந்தமாகச் செய்த இலகு ரக டார்பிடோவுக்கு வைத்த பெயர் சியேனா. வடமொழியில் அதுவும் பருந்து இனம்தான். தமிழ் அகராதியில் 'சேனம்' என்று அதே சொல் பழைய குடித்தனக்காரராக உட்கார்ந்திருக்கிறது. பறவைப் பெயர் தாங்கிய தளம், பறவைப் பெயர் தாங்கிய ஆயுதம். இரண்டின் வேலையும் நீருக்கடியில்.

இலகு ரக டார்பிடோவின் வெளியுடல் எழுபது ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. 324 மி.மீ. விட்டம், இருநூறு முதல் முந்நூறு கிலோ எடை என்ற அளவில்தான் நிற்கிறது. மாறியவை மூன்று: அதன் காது, அதற்கு ஓட்டம் தரும் மின்கலம் அல்லது எஞ்சின், அதைச் சுமந்து சென்று போடும் ஊர்தி. இந்தியாவில் இம்மூன்றும் ஒரே வேகத்தில் வளரவில்லை. ஊர்தி முந்திக்கொண்டது, மின்கலம் பின்தங்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் காது

இரண்டாம் உலகப்போர் வரை நீர்மூழ்கியை அடிக்க இருந்த வழி, அது இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் வெடிகுண்டுப் பீப்பாய்களைக் கொட்டுவது. குறிப்பிட்ட ஆழத்தில் அவை வெடிக்கும், பட்டால் பட்டது. 1943-இல் அமெரிக்கர்கள் விமானத்திலிருந்து போட்ட 'ஃபிடோ' இதை மாற்றியது. ரகசியம் காக்க அதை 'மார்க் 24 கண்ணிவெடி' என்றே பதிவேடுகளில் எழுதினார்கள். கண்ணிவெடி போல ஓரிடத்தில் கிடக்காமல் அது துரத்திக்கொண்டு ஓடியது. உடலைச் சுற்றி நான்கு நீரொலி வாங்கிகள் இருந்தன. எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் சுக்கான் திரும்பும். அவ்வளவுதான் அதன் அறிவு. வேகம் மணிக்கு வெறும் 12 கடல்மைல். மேலே ஓடும் நீர்மூழ்கி அதைவிட வேகமாகப் போய்விடும். ஆனால் விமானத்தைக் கண்டதும் நீர்மூழ்கி முங்கும். முங்கினால் வேகம் குறையும். அங்கேதான் ஃபிடோவுக்கு வேட்டை. அட்லாண்டிக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் இதற்கு இரையாயின.

ஃபிடோவுக்குள் இருந்தது நம் கார்களில் இருப்பது போன்ற ஈய அமில மின்கலம். கனம் அதிகம், சக்தி குறைவு. அதே போர்க்காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இன்னொன்று உருவாயிற்று: மக்னீசியம் ஒரு தகடு, வெள்ளி குளோரைடு மறு தகடு, நடுவில் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யை நிரப்ப வேண்டியது கடல். 1950-களின் இறுதியில் வந்த மார்க் 44 டார்பிடோ இந்த வகை மின்கலத்தில்தான் 30 கடல்மைல் வேகத்தில் ஓடியது. எடை 196 கிலோ. ஹெலிகாப்டர் ஒன்று இரண்டைத் தூக்கிக்கொண்டு பறக்கக்கூடிய எடை. 324 மி.மீ. என்ற விட்டம் உலக வழக்கானது அந்தத் தலைமுறையில்தான்.

பிறகு நடந்தது ஓட்டப்பந்தயம். மார்க் 46 மின்கலத்தைக் கைவிட்டு, ஓட்டோ எரிபொருள் எனப்படும் திரவத்தை எரித்து 40 கடல்மைலுக்கு மேல் ஓடியது. சோவியத் நாடு டைட்டேனிய உடலோடு அதே அளவு வேகத்தில் பாயும் ஆல்ஃபா வகை நீர்மூழ்கிகளைக் கட்டியதும், அமெரிக்கர்கள் இன்னும் வேகமான மார்க் 50-ஐச் செய்தார்கள். அது வந்து சேர்ந்தபோது சோவியத் நாடே இல்லை. விலையோ எட்டாத உயரத்தில். கடைசியில் மார்க் 50-இன் காதையும் மார்க் 46-இன் எஞ்சினையும் ஒன்றாகப் பொருத்தி 2004-இல் மார்க் 54 என்று கொடுத்தார்கள். நம் ஊர் மெக்கானிக் இரண்டு பழைய வண்டிகளிலிருந்து ஒரு நல்ல வண்டி பண்ணுவதைப் போன்ற வேலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. டார்பிடோ வரலாற்றில் மேம்பாடு என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

குக்ரியின் பாடம்

இந்தியாவுக்கு இந்த ஆயுதத்தின் அருமை 1971 டிசம்பரில் தெரிந்தது. 9-ஆம் தேதி இரவு, டையூவுக்கு அப்பால், ஐ.என்.எஸ். குக்ரியைப் பாகிஸ்தானின் ஹேங்கோர் நீர்மூழ்கி டார்பிடோவால் மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வர மறுத்து அதனுடனே போனார். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். குக்ரி வெறும் போர்க்கப்பல் அல்ல, நீர்மூழ்கியை வேட்டையாடவே கட்டப்பட்ட கப்பல் என்பதுதான் கசப்பு. அதிலிருந்த முக்கிய ஆயுதம் ஒரு வகைப் பீரங்கி: வெடிகுண்டை ஏறக்குறைய 900 மீட்டர் தூரம் வரை எறியும். அதாவது, வேட்டைக்காரன் இரையின் ஒரு கி.மீ. எல்லைக்குள் போக வேண்டும். இரையோ பல கி.மீ. தொலைவிலிருந்தே தானாகத் தேடிவரும் டார்பிடோவை விடும். குக்ரியின் கதை இந்தத் தூரக் கணக்கிலேயே முடிந்துவிட்டது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1969-இல், விசாகப்பட்டினத்தில் கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகம் தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கிருந்து ஆயுதம் கைக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் நம் கப்பல்கள் இத்தாலிய ஏ-244 எஸ் டார்பிடோவையே பெரிதும் நம்பின. அரக்கோணத்துக்கு 1992-இல் வந்து சேர்ந்த ரஷ்ய டூ-142 விமானங்கள் ரஷ்ய ஆயுதங்களைத் தூக்கின. அவை 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2013 மே மாதத்தில், அதே ஓடுதளத்தில் முதல் பி-8ஐ விமானம் வந்து இறங்கியிருந்தது. அதன் ஆயுதம் அமெரிக்க மார்க் 54.

இறக்குமதியின் விலையைப் பார்க்கலாம். 2020 ஏப்ரலில் 16 மார்க் 54 டார்பிடோக்களை, உதிரி பாகங்கள் முதலியவற்றோடு சேர்த்து, 6.3 கோடி டாலர் மதிப்பில் இந்தியாவுக்கு விற்க அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. 2024-இல் எம்.எச்-60 ஆர் ஹெலிகாப்டர்களுக்காக மேலும் 53, மதிப்பு 17.5 கோடி டாலர். விலை மட்டுமல்ல சிக்கல். கனரக 'பிளாக் ஷார்க்' டார்பிடோவை வாங்கும் திட்டம், அதை விற்கவிருந்த இத்தாலியக் குழுமம் ஹெலிகாப்டர் பேர ஊழலில் சிக்கியதால் 2016-இல் கைவிடப்பட்டது. அதனால் கல்வரி வகை நீர்மூழ்கிகள் தமக்கென்று தேர்ந்த டார்பிடோ இல்லாமல் பணியில் சேர்ந்தன.

சியேனா

2012 மார்ச் 3 அன்று சியேனா கடற்படையில் முறைப்படி சேர்க்கப்பட்டது. வடிவமைத்தது விசாகப்பட்டின ஆய்வகம், தயாரித்தது பாரத் டைனமிக்ஸ். நீளம் 2.75 மீட்டர், எடை 220 கிலோ, வெடிமருந்து 50 கிலோ, வேகம் 33 கடல்மைல், இறங்கும் ஆழம் 500 மீட்டருக்கு மேல். மின்சாரத்தில் ஓடுகிறது, மின்சாரம் தருவது கடல்நீர் மின்கலம்.

அந்த மின்கலத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கிடங்கில் கிடக்கும்வரை அது உயிரில்லாத தகடு அடுக்கு. ஆண்டுக்கணக்கில் சார்ஜ் ஏற்றவும் வேண்டாம், பராமரிக்கவும் வேண்டாம். ஹெலிகாப்டரிலிருந்து விழும்போது பாராசூட் விரிந்து வேகத்தைக் குறைக்கிறது. மூக்கு நீரைத் தொட்டதும் பாராசூட் கழன்றுகொள்கிறது, நீர் உள்ளே பாய்கிறது. உப்பு நீர் தகடுகளுக்கிடையே நுழைந்த சில நொடிகளில் மக்னீசியம் கரையத் தொடங்குகிறது, வெள்ளி குளோரைடு வெள்ளியாகிறது, மின்னோட்டம் பிறக்கிறது. கூடவே சூடும் பிறக்கிறது. அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு வெளியேற்றுவதும் அதே கடல்நீர்தான். டார்பிடோ வட்டமடித்துக் கீழிறங்கி ஒலி எழுப்பித் தேடுகிறது. எதிரொலி கிடைத்த திசையில் பாய்கிறது. எரிபொருள் எஞ்சினுக்கு ஆழத்தில் ஒரு தொல்லை உண்டு: புகையை வெளியே தள்ள நீரின் அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், ஆழம் கூடக்கூட வலு குறையும். மின்கலத்துக்கு அந்தக் கவலை இல்லை. மாறாக, நீரின் உப்பும் வெப்பமும் அதன் வலுவைத் தீர்மானிக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீரால் வங்காள விரிகுடாவின் மேல்நீரில் உப்பு குறைவு. அந்த நீர் அடுக்குகள் ஒலியையும் வளைத்துவிடும். வேறொரு கடலுக்காகச் செய்த டார்பிடோவின் காது இங்கே தடுமாற இடமுண்டு. சொந்த வடிவமைப்பு வேண்டும் என்பதற்கு விலையைவிட வலுவான காரணம் இது என்று நினைக்கிறேன்.

இந்த மின்கலக் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. மக்னீசியம் மின்கலங்கள் அதன் நெடுநாளைய ஆய்வுப் புலம். திருச்சியை ஒட்டிய மாத்தூரில், புதுக்கோட்டை மாவட்டத்தில், ஹை எனர்ஜி பேட்டரீஸ் நிறுவனம் கடற்படை டார்பிடோக்களுக்கான வெள்ளி-துத்தநாக மின்கலங்களையும் மக்னீசியம்-வெள்ளி குளோரைடு மின்கலங்களையும் செய்கிறது. ஆவடியின் டேங்க் குடியரசு தின அணிவகுப்பில் ஓடுவதை எல்லோரும் பார்க்கிறோம். மாத்தூரின் சரக்கை யாரும் பார்ப்பதில்லை.

சியேனா வெளிநாட்டுக்கும் போனது. 2017-இல் மியான்மருடன் 3.79 கோடி டாலர் ஒப்பந்தம். 2019 ஜூலையில் முதல் தொகுதி சென்றடைந்தது.

ஒரு கணக்கு

இனி என் குறையைச் சொல்ல வேண்டும். 33 கடல்மைல் வேகத்தில் சியேனா ஓடக்கூடிய நேரம் ஆறு நிமிடம் என்கிறது வெளியான விவரம். மணிக்கு 61 கி.மீ. வேகம், ஆறு நிமிடத்தில் ஆறு கி.மீ. சொச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீர்மூழ்கி நின்றுகொண்டிருக்காது. டீசல் நீர்மூழ்கி ஒன்று மின்கலத்தை முழுதாகச் செலவழித்து 20 கடல்மைல் வேகத்தில் விலகி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டார்பிடோ அதை நெருங்கும் வேகம் 13 கடல்மைல்தான். ஆறு நிமிடத்தில் அது குறைக்கும் தூரம் 2.4 கி.மீ. 30 கடல்மைல் வேகத்தில் ஓடும் அணுசக்தி நீர்மூழ்கி என்றால் சுமார் 550 மீட்டர். குக்ரியின் பீரங்கி எறிந்த தூரத்தைவிட இது குறைவு! தேடுவதற்கான வட்டமடிப்பை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஆகவே சியேனாவை நீர்மூழ்கியின் தலைமேல் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதனால்தான் ஊர்திகளின் மேல் இவ்வளவு கவனம். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டுதளத்தில் உருவாகி 2025 ஜூன் 18 அன்று பணியில் சேர்ந்த ஐ.என்.எஸ். அர்னாலா 77 மீட்டர் நீளச் சிறு கப்பல். கரையோர ஆழமற்ற நீரில் நீர்மூழ்கியைத் தேடவே கட்டப்பட்டது, இலகு ரக டார்பிடோவும் ஏந்துகிறது. வடிவமைத்தது கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனம். அந்த வரிசையில் திட்டமிடப்பட்டவை மொத்தம் 16.

ஊர்தியின் உச்சம் 'ஸ்மார்ட்'. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் ஏவுகணை. தலையில் வெடிகுண்டுக்குப் பதிலாக இலகு ரக டார்பிடோ. ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து 2020 அக்டோபர் 5, 2021 டிசம்பர் 13, 2024 மே 1 ஆகிய நாள்களில் சோதிக்கப்பட்டது. சொல்லப்படும் வீச்சு 643 கி.மீ.; அத்தனை தூரம் பறந்து பாராசூட்டில் டார்பிடோவை இறக்கிவிடும். பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு தொலைவில் நீர்மூழ்கி இருக்கும் இடத்தை யார் சொல்வது? அரக்கோணத்திலிருந்து போன விமானமோ ஒரு கப்பலோ ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். ஏவுகணை பறக்கும் நேரத்துக்குள் நீர்மூழ்கி நகர்ந்துவிடும். அந்த இடைவெளியை அடைக்க வேண்டியது இறங்கும் டார்பிடோவின் ஓட்ட நேரம். ஸ்மார்ட்டுக்காகக் குறிப்பிடப்படுவது சியேனாவுக்கு அடுத்த தலைமுறையான, இன்னும் நெடுந்தூரம் ஓடும் டார்பிடோ என்பது இதனால்தான். ஏவுகணைக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதியாவது அந்தப் புது டார்பிடோவின் மின்கலத்துக்கும் காதுக்கும் போய்ச் சேர வேண்டும். பணமும் அங்கே போக வேண்டும்.

2024 ஏப்ரல் 26 அன்று சீனாவின் வூகானில், பாகிஸ்தான் வாங்கும் எட்டு நீர்மூழ்கிகளில் முதலாவது நீரில் இறக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து ஒடிசாவில் ஸ்மார்ட் ஏவப்பட்டது. வூகானில் இறங்கிய நீர்மூழ்கியின் பெயர் ஹேங்கோர்.