கேரள உள்ளாட்சித் தேர்தல் சட்டங்களும் முன்னணிப் பூசல்களும்: கொல்லங்கோடு வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

கேரளத்தில் ஒரு நகரசபைக்கோ கிராமப் பஞ்சாயத்துக்கோ எத்தனை வார்டுகள் இருக்கலாம் என்பதற்குச் சட்டமன்றம் இயற்றும் சட்டமே வரம்பு கட்டுகிறது. வார்டுகளின் எல்லையை வரைவது, மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையிலான எல்லை மறுவரையறை ஆணையத்தின் பணி. எண்ணிக்கையை ஆளும் முன்னணியும் எல்லைக்கோட்டைத் தனி ஆணையமும் தீர்மானிக்கும் இந்த ஏற்பாடு, இடது ஜனநாயக முன்னணிக்கும் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கும் இடையே பல பூசல்களுக்கு இடமளித்திருக்கிறது.

பாலக்காட்டு எல்லைப் பகுதிக்கு உள்ளாட்சிச் சட்டங்கள் இரு வழிகளில் வந்து சேர்ந்தன. கொல்லங்கோடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலேயே உள்ள சித்தூர், கொச்சி சமஸ்தானத்திலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. ஒருபுறம் சென்னைச் சட்டமும் மறுபுறம் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமும் நடப்பில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவான பின், 1960ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டமும் நகரசபைச் சட்டமும் இவ்விரு மரபுகளையும் ஒன்றாக்கின.

கட்சிப் போட்டி அதற்கு முன்பே உள்ளாட்சிக்குள் நுழைந்துவிட்டது. 1954இல் மலபார் மாவட்டக் கழகத் தேர்தலில் கம்யூனிஸ்ட்டுகள் வென்றனர், பி.டி. பாஸ்கரப் பணிக்கர் தலைவரானார். இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு கொண்டுவந்த மாவட்ட கவுன்சில் மசோதா, 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டதால் காலாவதியானது. 1979ஆம் ஆண்டின் மாவட்ட நிர்வாகச் சட்டமும் பத்தாண்டுகளுக்கு மேல் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. 1991 தொடக்கத்தில் இ.கே. நாயனாரின் இடது முன்னணி அரசு மாவட்ட கவுன்சில் தேர்தலை நடத்தியபோது, 14 மாவட்டங்களில் 13இல் இடது முன்னணி வென்றது. அதே ஆண்டு ஜூனில் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு, அந்த கவுன்சில்களின் அதிகாரங்களைச் சட்டத் திருத்தத்தின் மூலம் குறைத்தது. ஒரு முன்னணி கட்டியதை மற்றொன்று பிரிக்கும் போக்குக்கு இது தெளிவான முன்னுதாரணம்.

அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் இந்தப் போக்குக்கு ஓரளவு கடிவாளமிட்டன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயமானது. மாநிலத் தேர்தல் ஆணையம் அமைந்தது. 1994இல் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டமும் கேரள நகரசபைச் சட்டமும் பிறந்தன. இதன் பிறகு உள்ளாட்சி அமைப்புகளைக் கலைப்பது எளிதாக இல்லை. ஆகவே பூசலின் களம் வார்டுகளுக்கு மாறியது.

2015இல் உம்மன் சாண்டி தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசு புதிய பஞ்சாயத்துகளையும் நகரசபைகளையும் உருவாக்க முனைந்தது. ஆளும் முன்னணிக்கு ஏற்ப எல்லைகள் வகுக்கப்படுவதாக இடதுசாரிகள் எதிர்த்தனர். புதிய கிராமப் பஞ்சாயத்துகள் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் 28 புதிய நகரசபைகளும் கண்ணூர் மாநகராட்சியும் நிலைத்தன. பாலக்காடு மாவட்டத்தில் பட்டாம்பி, செர்ப்புளசேரி, மண்ணார்க்காடு ஆகியவை நகரசபைகளாயின.

2020இல் இடங்கள் மாறின. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு வார்டைக் கூட்ட இடது முன்னணி அரசு அனுப்பிய அவசரச் சட்டத்தில் ஆளுநர் ஆரிஃப் முகமது கான் கையெழுத்திட மறுத்தார். அதை எதிர்த்துவந்த ஐக்கிய முன்னணிக்கு இது வலுச் சேர்த்தது. அரசு சட்டமன்றத்தில் மசோதாவை நிறைவேற்றியது. ஆயினும் கொரோனாவால் திட்டம் கைவிடப்பட்டது. 2024 ஜூன் 10 அன்று எதிர்க்கட்சியின் அமளிக்கிடையே, துறைசார் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்படாமல், சில நிமிடங்களில் மசோதாக்கள் மீண்டும் நிறைவேறின. முன்பு சட்டமன்றம் ஏற்றதையே திரும்பக் கொண்டுவந்ததாக அரசு கூறியது. விவாதமே நடக்கவில்லை என்பது அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வி.டி. சதீசனின் வாதம். இதன்படி கிராமப் பஞ்சாயத்து வார்டுகளின் வரம்பு 13–23 என்பதிலிருந்து 14–24 ஆனது. மாநிலம் முழுவதும் கிராமப் பஞ்சாயத்து வார்டுகள் 15,962இலிருந்து 17,337 ஆகப் பெருகின. பாலக்காடு நகரசபையில் 52 வார்டுகள் 53 ஆயின.

2011க்குப் பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால் சட்டச் சிக்கல் எழுந்தது. 2015இலேயே அந்தக் கணக்கின்படி வார்டு பிரிக்கப்பட்ட இடங்களில், அதே கணக்கைக் கொண்டு மறுபடியும் பிரிக்கலாமா என்பதே கேள்வி. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பட்டாம்பி உள்ளிட்ட எட்டு நகரசபைகளிலும் படன்னை பஞ்சாயத்திலும் மறுவரையறையை ரத்து செய்தார். பின்னர் டிவிஷன் பெஞ்ச் அத்தீர்ப்பை விலக்கியது.

இந்த வரலாற்றில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. இடது முன்னணி ஆட்சியில் மறுவரையறை நடந்த 2010இல் ஐக்கிய முன்னணி முந்தியது. ஐக்கிய முன்னணி ஆட்சியில் நடந்த 2015இல் இடது முன்னணி முந்தியது. 2025 டிசம்பர் தேர்தலில் மீண்டும் ஐக்கிய முன்னணியே மேலோங்கியது. கோடு வரையப்பட்ட காலத்து ஆட்சிக்கு அந்தக் கோடுகள் வெற்றி தேடித் தரவில்லை.

ஆனால் அந்தக் கோடுகள் மக்களைத் தொடுகின்றன. கொல்லங்கோடு, முதலமடை, சித்தூர் பகுதிகளிலும் இடுக்கியின் தேவிகுளம் பகுதியிலும் தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினராக வாழ்கிறார்கள். ஒரு தமிழ்க் குடியிருப்பு ஒரே வார்டில் அடங்கினால் அதன் குரல் சபையில் ஒலிக்க வாய்ப்புண்டு. இரண்டாகப் பிரிந்தால் இரு வார்டுகளிலும் சிறுபான்மையாகிவிடும். எல்லையை மாற்றுவது நன்மையும் தரும் என்பதற்கு இடுக்கியே சான்று. மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரிக்கப்பட்ட இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தானது; அங்கு வாழும் முதுவர் பழங்குடியினருக்குத் தங்கள் ஊரைத் தாங்களே ஆளும் உரிமை கிடைத்தது.