பெயில்மர் விமான விபத்து

நெதர்லாந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரின் தென்கிழக்கிலுள்ள பெயில்மர்மேர் குடியிருப்பின்மேல், 1992 அக்டோபர் 4 ஞாயிறு மாலை, இஸ்ரேலின் எல் ஆல் நிறுவனத்துச் சரக்கு விமானமொன்று வீழ்ந்து, விமானத்தில் நால்வரும் தரையில் 39 பேருமாக 43 உயிர்களைக் கொண்டுபோன துயரச் சம்பவம் இப்பெயரால் வழங்குகிறது. நியூயார்க்கிலிருந்து வந்து, ஸ்கிபோல் விமான நிலையத்தில் தங்கி, டெல் அவீவ் நோக்கி 6.22 மணிக்குக் கிளம்பிய அந்தப் போயிங் 747, ஆகாயத்தில் இருந்தது பதின்மூன்று நிமிஷமே.

ஹோய்மேர் ஏரியின்மேல் உயர ஏறிக்கொண்டிருக்கையில், வலது இறக்கையின் உட்புற எஞ்சின் கழன்று பக்கத்து எஞ்சினையும் மோதிப் பெயர்த்தது. இறக்கையின் முன்விளிம்பும் சிதைந்தது. விமானிகளின் அறையிலிருந்து அந்த எஞ்சின்கள் எளிதில் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆகையால், எஞ்சின் இரண்டும் போய்விட்டன என்று அவர்கள் அறிவித்தபோது, அவை இயக்கம் நின்றுவிட்டன என்றே தரையிலிருந்தோர் பொருள் கொண்டனர். அவை பெயர்ந்து நீரில் விழுந்ததோ ஏரியில் இருந்தவரின் கண்ணுக்குத்தான் தெரிந்தது. மிகுந்த வேகத்தில் ஒருவாறு நிலைகொண்டு பறந்த விமானம், நிலையத்துக்குத் திரும்பி இறங்குவதற்காக வேகத்தைத் தணித்ததும், சிதைந்த இறக்கை தாங்கும் சக்தியை இழக்க, வலப்புறம் சரிந்து, பதினோரடுக்குக் குடியிருப்பொன்றைப் பிளந்துகொண்டு வீழ்ந்தது.

எஞ்சினைத் தாங்கும் அமைப்பை இறக்கையோடு பிணைக்கும் முளைகளில், உலோகச் சோர்வினால் உண்டான விரிசலே இதற்கு மூலகாரணம் என்று விசாரணையில் தெளிவாயிற்று. எஞ்சின் கழல நேரிட்டால் இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டி கிழியாதிருக்க வேண்டும் என்பதற்காக, அளவு மீறிய பாரத்தில் தாமே முறியும்படி செய்யப்பட்டவை அம்முளைகள். காக்க வைத்த பொருளே கொன்றது என்பது நெஞ்சை உறுத்துகிறது. 1991 டிசம்பரில் தைவானில் இதே ரகச் சரக்கு விமானமொன்று இவ்வாறே எஞ்சின்களை உதிர்த்து வீழ்ந்து ஐவர் மாண்டிருந்தனர் என்பதை எண்ணுங்கால் வேதனை இன்னும் மிகுகிறது. பிற்பாடு போயிங் நிறுவனம் அப்பிணைப்பை மாற்றியமைத்தது.

சூரிநாம், கானா முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் நிறைந்த பேட்டை அது. குடியிருப்புப் பதிவில் பெயரில்லாதோரும் அங்கு வாழ்ந்தமையால், மாண்டோர் 200-க்கும் மேலிருக்குமென முதலில் அஞ்சினர். விமானம் ஏற்றிச்சென்ற சரக்கைப் பற்றியும், தப்பியோரைப் பீடித்த நோய்களைப் பற்றியும் எழுந்த ஐயங்களை ஆராய்ந்த பாராளுமன்ற விசாரணை 1999-இல்தான் முடிவுற்றது.

இடிபாடுகளின் அருகே அழியாது நின்ற நெடுமரமொன்றின் அடியில், உற்றாரை இழந்தோர் அப்போதே மலர்களை வைக்கத் தொடங்கினார்கள். ‘எல்லாவற்றையும் கண்ட மரம்’ என்பது அதற்கு அவ்வூரார் இட்ட பெயர். அதனைச் சுற்றியே பின்னர் நினைவிடம் எழுந்தது.