புலப்படாத விமானங்களும் மட்டக்களப்புக் கடலும்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் உலகறிந்த ஒரு புதிர். பூரணை இரவுகளில் கல்லடிப் பாலத்தின் அண்மையில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் செவியை வைத்தால் நரம்பிசை போன்றதோர் ஓசை கேட்கும் என்பர். 1848இல் அதனைக் கேட்ட குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமேர்சன் டெனற் அது நீரடிச் சிப்பியினத்தின் ஓசை எனக் கருதினார். மக்கள் அதனை மீனின் பாடல் என்றனர். ஓசை புலனாகின்றது, அதனை எழுப்பும் பொருள் புலனாவதில்லை. அவ்விடைவெளியிலேயே ஊகம் பிறக்கின்றது.

போர்க்கருவிகளின் வரலாற்றிலும் இத்தகைய இடைவெளிகள் உண்டு. மறைவாக உருவாக்கப்படும் போர் விமானங்களைப் பற்றிய செய்திகளில் உண்மையும் வதந்தியும் பிரித்தறிய முடியாதவாறு கலந்து கிடக்கின்றன. ஒரு விமானம் புலப்படாமற் போவது அதன் அமைப்பினாலா, அன்றிப் பார்ப்போரின் மனப்பாங்கினாலா என்ற வினா இங்கு எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காண மட்டக்களப்பு மக்கள் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி இக்கரைக்கு அப்பால் நிகழ்ந்தவை அதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் யப்பானியரின் சீரோ என்னும் சண்டை விமானம் மேற்கு நாட்டினருக்கு ஓர் இரகசியம் போன்றே இருந்தது. உண்மையில் அது ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. 1940 செப்டெம்பர் 13ஆந் திகதி சீனாவின் சுங்கிங் நகருக்கு அண்மையில் 13 சீரோ விமானங்கள் சீன வான்படையுடன் பொருதி, தம்முள் ஒன்றையேனும் இழவாது பெருஞ்சேதம் விளைவித்தன. சீன வான்படைக்கு ஆலோசகராயிருந்த அமெரிக்கர் கிளயர் செனோல்ற் இதனைத் தம் நாட்டினருக்கு அறிவித்தார். அவ்வறிவித்தல் உரிய கவனத்தைப் பெறவில்லை. யப்பானியர் பிறர் ஆக்கங்களைப் போலச் செய்பவர், அவர்தம் விமானிகள் கண்பார்வை குன்றியவர் என்ற எண்ணம் மேற்கிலே வேரூன்றியிருந்தது. 1941 டிசெம்பரிற் பிலிப்பைன்ஸ் தாக்கப்பட்டபோது, அவ்விமானங்களைச் செலுத்தியோர் வெள்ளையராகவே இருத்தல் வேண்டும் என அமெரிக்கத் தளபதி மக்காதர் கருதினார். கண்ணாற் கண்டதையும் மனம் ஏற்க மறுத்தமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இவ்வாறான அறியாமையோடுதான் 1942 ஏப்ரலில் இலங்கையின் பாதுகாப்பு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. சிங்கப்பூர் பெப்ரவரியில் வீழ்ந்துவிட்டது. ஏப்ரல் 4ஆந் திகதி, கொக்கலை வாவியிலிருந்து புறப்பட்ட கற்றலீனா நீர் விமானமொன்றின் கனேடிய விமானி லெனாட் பேச்சோல், தீவின் தென்கிழக்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். தம் விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் அவர் அனுப்பிய செய்தி கொழும்பை எட்டியது. எனினும், மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பை அணுகியபோது, அவை தலைக்கு மேல் வரும்வரை இரத்மலானைத் தளத்துக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. அங்கிருந்த ஹரிக்கேன் விமானங்கள் எதிரியின் தாக்குதலுக்கு நடுவிலேயே மேலெழ நேர்ந்தது. அதே நாளில் டோசெற்சயர், கோண்வோல் என்னும் போர்க்கப்பல்கள் இரண்டும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

நான்கு நாட்களின் பின் அதே யப்பானியப் படை திருகோணமலையைத் தாக்கியது. இம்முறை அங்கிருந்த ராடார் நிலையம் விமானங்களின் வருகையை முன்கூட்டியே கண்டறிந்தது. சீனக்குடாவிலிருந்து சண்டை விமானங்கள் எதிரி வருமுன்னரே வானில் ஏறின. ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்புக்குப் புலப்படாது வந்த விமானங்கள், 9ஆந் திகதி திருகோணமலைக்குப் புலப்பட்டன. விமானங்களில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை. மாறியது காவல் ஒழுங்கே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயின், இக்காவல் கடலில் இருந்தோரைக் காக்கவில்லை. தாக்குதலை எதிர்பார்த்து, முதல் நாள் இரவே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைத் துறையை விட்டுத் தெற்கு நோக்கிச் சென்றிருந்தது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற உலகின் முதற் கப்பல் அதுவே. 1924இற் சேவைக்கு வந்தது. விதியின் முரண்போலும், அன்று அதன் தளத்தில் ஒரு விமானந்தானும் இருக்கவில்லை. காலையில் மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய வேவு விமானமொன்று அதனைக் கண்டுகொண்டது. திரும்பித் திருகோணமலை நோக்கி விரைந்த கப்பல், பாதுகாப்புக்கு விமானங்களை அனுப்புமாறு வேண்டியது. எண்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் முற்பகல் பத்தரை மணியளவில் அதன்மேற் பாய்ந்தன. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் அது மூழ்கிற்று. இரத்மலானையிலிருந்து தீவைக் குறுக்கறுத்து வந்த புல்மார் விமானங்கள் காலந்தாழ்த்தியே வந்து சேர்ந்தன. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் உயிரிழந்தனர். துணையாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அழிந்தது. உயிர் தப்பியோருட் பெரும்பாலோரை வீற்றா என்னும் மருத்துவமனைக் கப்பல் காப்பாற்றியது.

இந்நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து ஊகங்கள் பெருகின. யப்பானியர் தீவில் இறங்கப் போகின்றனர் என்ற அச்சத்தால் கொழும்பிலிருந்து மக்கள் திரள்திரளாக வெளியேறினர். உண்மையில் யப்பானியப் படை இந்து சமுத்திரத்தை விட்டு நீங்கிவிட்டது. மீண்டும் அவ்வாறு வரவேயில்லை. மறுபுறம், கொழும்பில் வீழ்த்தியதாகப் பிரித்தானியர் உரிமை பாராட்டிய விமானங்களின் தொகையில், யப்பானியர் இழந்தவை பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே, மிகைப்படக் கூறுதல் அஞ்சிய குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. அறிக்கை விடும் அதிகாரத்துக்கும் அது உரியதே. சீரோவைச் சூழ்ந்த மருட்சியோ, 1942 யூலையில் அலூசியன் தீவுகளிற் பெரிதும் சிதையாத விமானமொன்று கைப்பற்றப்பட்டு ஆராயப்பட்டபோதே நீங்கியது. காப்புக் கவசமும் எரிபொருட் டாங்கிப் பாதுகாப்பும் இன்றி அமைக்கப்பட்டமையே அதன் இலாகவத்துக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று.

பிற்காலத்தில், புலப்படாமை தற்செயலாக வாய்ப்பதாயன்றி விமானத்தின் அமைப்பிலேயே பொதிந்த பண்பாயிற்று. ராடார் அனுப்பும் அலைகள் விமானத்தில் தெறித்து மீள்வதாலேயே அது கண்டறியப்படுகின்றது. அவ்வலைகளை வேறு திசைக்குத் திருப்பும் வடிவமும், அவற்றை உறிஞ்சும் பூச்சும் இருப்பின் மீளும் அலை மிகக் குறையும். இத்தகைய அலைத்தெறிப்பைக் கணிப்பதற்கான கோட்பாட்டைச் சோவியத் அறிஞர் பியோற்றர் உஃபிம்சேவ் 1962இல் நூலாகவே வெளியிட்டிருந்தார். அதனைப் பயன்கொண்டோர் அமெரிக்கரே. 1981 யூனில் முதன்முதலாகப் பறந்த எஃப்-117 விமானத்தை ஐக்கிய அமெரிக்கா 1988 நவம்பரிலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் எஃப்-19 என்னும் பெயரில் ஒரு கற்பனை விமானம் பேசப்பட்டது. 1986இல் அதன் மாதிரியுரு விளையாட்டுப் பொருளாகக் கடைகளிலும் விற்பனையாயிற்று. ஊகத்தின் விமானம் வளைந்த வடிவினதாயிருக்க, உண்மை விமானமோ பட்டை தீட்டிய கல்லைப் போன்று தட்டையான முகங்கள் கொண்டதாயிருந்தது. அம்முழுமறைவும் நிலைக்கவில்லை. 1999 மார்ச் 27ஆந் திகதி சேர்பியப் படையினர், 1960களுக்குரிய சோவியத் ஏவுகணை முறையைக் கொண்டே அவ்வகை விமானமொன்றை வீழ்த்தினர்.

இலங்கைத் தீவும் இவ்வகை ஊகத்தை மீண்டுமொரு முறை கண்டது. விடுதலைப் புலிகளிடம் விமானங்கள் உள்ளனவா என்பது பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வந்தது. 2007 மார்ச் 26ஆந் திகதி அதிகாலையிற் கட்டுநாயக்கா வான்படைத்தளம் தாக்கப்பட்டதோடு அவ்விவாதம் முடிந்தது. அவை செக் நாட்டில் ஆக்கப்பட்ட சிலின் 143 என்னும் சிறு பொதுப்பயன்பாட்டு விமானங்கள். குண்டு வீசத்தக்கவாறு மாற்றப்பட்டவை. அலைகளை உறிஞ்சும் பூச்சு எதுவும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. சிறிய உருவமும் இருளும் அவற்றுக்குத் துணையாயின. 2009 பெப்ரவரி 20ஆந் திகதி கொழும்பை நோக்கி வந்த இரு விமானங்களின் அழிவோடு அவ்வத்தியாயம் முடிவுற்றது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மறைவு என்பது இயந்திரத்தின் பண்பு மட்டுமன்று; காண்போனுக்கும் காணப்படும் பொருளுக்கும் இடையிலான உறவு. சீரோவை மறைத்தது இனச்செருக்கு. கொழும்புத் தாக்குதலை மறைத்தது காவற்குறை. எஃப்-117ஐ மறைத்தது அரசின் இரகசியக் கொள்கை. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளும்போதே, எல்லாம் வல்ல மாய விமானம் என்னும் கற்பனை உருவாகின்றது. அரசு மௌனஞ் சாதிக்கும்போது மக்கள் ஊகிப்பது இயல்பு. அதனை அறியாமை என்று இகழ்தல் தகாது. ஆனால் ஊகத்தை அவ்வாறே ஏற்பதும் வரலாறாகாது. எது கண்டறியப்பட்டது, யாரால், எப்பொழுது, அதனை ஏற்க மறுத்தோர் யாவர் என்று வினவுதலே வரலாற்று மாணவரின் கடன்.

மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால், ஐம்பது மீற்றருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் ஹேர்மிஸ் இன்றும் கிடக்கின்றது. சுழியோடிகள் அதனைச் சென்று காண்கின்றனர். அங்கு மாண்ட 307 பேரின் உயிரைப் பறித்தது மாய விமானமன்று. பகல் வெளிச்சத்தில், கண்ணுக்கு நன்கு தெரிந்த விமானங்களே அவர்களைக் கொன்றன.