புரொப்பேன் எரிபொருள் (கொச்சி வட்டாரம்)

கொச்சியில் வண்டிகளுக்கும் கருவிகளுக்கும் புரொப்பேன், பியூட்டேனோடு கலந்த நீர்ம எரிவாயுவாகவே கிடைக்கிறது. ஏட்டில் எல்.பி.ஜி., பேச்சில் கேஸ். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 பாகை செல்சியஸ். மிதமான அழுத்தத்திலேயே நீர்மமாகி, திறந்துவிட்டால் சுமார் 270 மடங்கு விரியும். அதனால்தான் சிறு கலத்தில் நிறைய அடைக்க முடிகிறது. இயல்பில் மணமற்றது, கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் மேலே கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். கொச்சியில் இந்த எரிபொருளைச் சுற்றி எழுந்த அச்சங்களுக்கு இந்தக் குணமே வேர்.

வாயுவில் வண்டி ஓட்டுவது தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல் பெட்ரோல் பங்கீடு வந்ததும், கரி பஸ்கள் ஓடின. பஸ்ஸின் பின்புறம் உலை ஒன்று நிற்கும். அதில் கரியைப் போதாத காற்றில் எரித்து, கிளம்பும் வாயுவை எஞ்சினுக்குக் கொண்டுபோவார்கள். புறப்படுமுன் ஒருவர் ஊதுவிசிறியைக் கையால் சுற்றிச் சுற்றி உலையைச் சூடேற்ற வேண்டும். மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கிவிடுவதும் உண்டு. பெட்ரோல் தாராளமானதும் கரி பஸ்கள் மறைந்தன.

புரொப்பேனைப் பெட்ரோலின் ஆவியில் அடையாளம் கண்டவர் அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்நெல்லிங். காலம் 1910ஐ ஒட்டியது. இந்தியாவில் பர்மா ஷெல் நிறுவனம் 1955இல் மும்பையில் சமையல் எரிவாயு விற்கத் தொடங்கியது. கொச்சிக்கு அருகே அம்பலமுகளில் கொச்சின் ரிஃபைனரீஸ் 1966இல் இயங்கத் தொடங்கியது. இது அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம் பங்கேற்ற நிறுவனம். தொடக்கத் திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது மேலே வரும் லேசான பகுதியிலிருந்து பின்னர் இங்கேயே எரிவாயு கிடைத்தது. பர்மா ஷெல்லின் வாரிசான பாரத் பெட்ரோலியத்துடன் 2006இல் இந்த ஆலை இணைந்தது.

வண்டிக்குள் எரிவாயு வந்தது சட்டத்துக்கு முந்தியே. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வேனின் பின்னால் கிடத்தி, ரப்பர் குழாயை எஞ்சினோடு இணைக்கும் வழக்கம் 1990களில் இந்திய நகரங்கள் பலவற்றில் பரவியிருந்தது. அப்போது மானிய விலைக் கேஸ் பெட்ரோலைவிட மிக மலிவு. ஆபத்தும் அதே அளவுக்குப் பெரிது. நிமிர்த்தி வைத்து ஆவி எடுக்க வடிவமைத்த சிலிண்டருக்கும், நீர்மமாகவே எடுத்து எஞ்சினின் வெந்நீரால் ஆவியாக்கும் வாகனக் கலத்துக்கும் அமைப்பே வேறு. வாகனக் கலத்தை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாதபடி தடுக்கும் வால்வும் வீட்டுச் சிலிண்டரில் கிடையாது. 2000இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. 2001இல் வாகன எரிவாயுவுக்கான தனி ஆணை வந்தது. தர அளவு ஐ.எஸ். 14861. மாருதி 2006இல் வேகன் ஆர் டுவோவை ஆலையிலேயே கேஸ் பொருத்தி விற்றது.

சென்னையிலும் பெங்களூரிலும் ஆட்டோக்காரர்கள் கேஸுக்குப் பெருமளவில் மாறினார்கள். கொச்சியில் டீசல் ஆட்டோக்கள் நிலைத்தன. காரணம் டீசல் விலையா, பங்க்குகள் போதாமையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, இரண்டும் சேர்ந்திருக்கலாம். கருவிகளிலும் இதே கதைதான். மேலைநாட்டுக் கிடங்குகளில் புரொப்பேனில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் சாதாரணக் காட்சி. கொச்சியிலோ, மட்டாஞ்சேரி பஜார் சாலையின் மிளகு, இஞ்சிக் கிடங்குகளில் மூட்டையைத் தலையில் ஏற்றியவர்கள் சுமட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்கென்றே கேரளத்தில் 1978இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அருகே ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் உள்ள தோபிகானாவில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கின்றன. சிரட்டைக் கரி இட்ட கனத்த இஸ்திரிப் பெட்டி அவர்களின் தொழில் அடையாளங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இஸ்திரிக்காரர்கள் சிலர் சிறு சிலிண்டரோடு இணைத்த கேஸ் பெட்டிக்கு மாறியிருக்கிறார்கள். சாம்பல் துணியில் விழுவதில்லை, கரி ஊதும் நேரமும் மிச்சம்.

மிக விரிவான பதிவுகள் இருப்பது, எரிவாயுவைக் கப்பலிலிருந்து இறக்க இந்தியன் ஆயில் திட்டமிட்ட புதுவைப்பு முனையத்துக்குத்தான். அதற்கு முன் கேரளத்துக்கான எரிவாயுவின் பெரும்பகுதி மங்களூரிலிருந்து புல்லட் டேங்கர்களில் வந்துகொண்டிருந்தது. 2009 டிசம்பர் 31 அன்று கருநாகப்பள்ளியில் ஒரு டேங்கர் விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்தது, பலர் இறந்தனர். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலா என்னும் ஊரில் இன்னொரு டேங்கர் சாலைத் தடுப்பில் மோதியது. கசிந்த வாயு தெருவோடு படர்ந்து பற்றிக்கொண்டது. உயிரிழந்தவர்கள் 20 பேர். கப்பலிலிருந்து இறக்கிக் குழாயில் அனுப்பினால் இந்தச் சாலைப் போக்குவரத்து குறையும் என்பது இந்தியன் ஆயிலின் வாதம். வலுவான வாதம்தான்.

முனையத்துக்குத் தேர்ந்த இடம் துறைமுக வாயிலுக்கு வடக்கே, வைப்பின் தீவின் தென்முனை. 1341ஆம் ஆண்டு வெள்ளத்தில் எழுந்த மண் என்று மரபு சொல்லும் தீவு இது. 2010 ஜூலையில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கலங்களை மண்மேட்டுக்குள் புதைப்பது திட்டம். அப்படிப் புதைத்தால் வெளித்தீ கலத்தைச் சூடாக்கி வெடிக்கச் செய்யும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஊரார் கேட்டது வேறு. வீடுகளுக்கு இவ்வளவு அருகில் ஏன்? உயர் அலைக்கோட்டிலிருந்து விதித்த தூரம் காக்கப்பட்டதா? கட்டுமானம் அந்த எல்லையை மீறியது என்றனர் அவர்கள். கடலரிப்பால் கரையே நகர்ந்துவிட்டது என்றது நிறுவனத் தரப்பு. மண் சேர்ந்தும் கரைந்தும் மாறும் கரையில் அந்தக் கோட்டை எங்கே வரைவது என்பது எளிய கேள்வியல்ல. 2017 பிப்ரவரியில் பந்தல் போராட்டம் தொடங்கியது. பெண்களும் குழந்தைகளும் முன்வரிசையில் அமர்ந்தனர். அந்த ஆண்டு ஜூனில், கொச்சி மெட்ரோ தொடக்க விழாவை ஒட்டிய நாட்களில், போலீஸ் தடியடி நடந்தது. பணி நின்றது, அரசு நிபுணர் குழு அமைத்தது. டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எதிர்ப்பு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. இருந்தும் இரண்டாண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில், 144 தடை உத்தரவோடுதான் வேலை மீண்டும் தொடங்கியது.

கொச்சியிலிருந்து பாலக்காடு, கோயம்புத்தூர், ஈரோடு வழியாகச் சேலம் வரை செல்லும் எரிவாயுக் குழாய் இதே திட்டத்தோடு பிணைந்தது; நீளம் சுமார் 450 கி.மீ. இதை பாரத் பெட்ரோலியமும் இந்தியன் ஆயிலும் கூட்டாக நிறுவிய நிறுவனம் மேற்கொண்டது. கொங்கு நாட்டின் சிலிண்டர் நிரப்பு நிலையங்களை நோக்கிப் போகும் குழாய் இது. வழியிலுள்ள ஊர்களின் வண்டிகளுக்கல்ல.

வண்டிகளுக்கென 2018 முதல் கொச்சியில் சி.என்.ஜி. பங்க்குகள் வந்தன. அது மீத்தேன், காற்றைவிட லேசானது. புதிய ஆட்டோக்கள் அதற்கோ மின்கலத்துக்கோ போயின. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் படகுகளும் மின்கலத்தில் ஓடுபவையே. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் மீன்பிடி வள்ளங்களின் வெளி எஞ்சின்களைக் கேஸுக்கு மாற்றும் முன்னோட்டங்கள் கேரளக் கரையில் நடந்துள்ளன. மண்ணெண்ணெய் ஒதுக்கீடு சுருங்கிவரும் நிலையில் மீனவர்களுக்கு இதன் தேவை உண்மையானது.