முந்திரிகைப் பந்தலின் வரலாறு

திராட்சை குளிர்நாட்டுச் செல்வம் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். பிரான்சின் ஷாம்பெய்னும் ஜெர்மனியின் மோசெலும் உலகப் புகழ் பெற்றமைக்கு இயற்கையின் கொடையே முழுக் காரணம் எனவும் நாம் நம்பிவருகிறோம். அவ்வாறாயின், பனிக்காலமே அறியாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், நம் மக்கள் முந்திரிகை என வழங்கும் அதே கொடி பந்தல் பந்தலாகப் படர்ந்தது எங்ஙனம்? அப்பந்தல்கள் பின்னர் தளர்ந்தமைக்கு வெப்பந்தான் காரணமா?

குளிர்நிலத்தில் பழம் மெல்லக் கனிகிறது. இனிப்பு ஏறிய பின்னரும் புளிப்புக் குன்றாது நிற்கிறது. அந்நாட்டு மதுவின் சுவைக்கு அதுவே அடிப்படை. மோசெல் ஆற்றுச் சரிவுகளின் கற்பலகை மண் வெயிலின் சூட்டைத் தேக்கிவைக்கிறது. ஷாம்பெய்னின் சுண்ணநிலம் நீரைத் தேக்கிவைக்கிறது. இயற்கையின் இப்பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும், 1911ஆம் ஆண்டில் அதே ஷாம்பெய்னில் குடியானவர்கள் கொதித்தெழுந்தனர். வணிகர் சிலர் வெளிப்பிரதேசங்களிலிருந்து மலிவான திராட்சையைத் தருவித்து, ஷாம்பெய்ன் என்ற பெயரிலேயே மது செய்து விற்றனர். விளைச்சல் பொய்த்துக் கடனில் மூழ்கியிருந்த உழவர், மதுக்கிடங்குகளை உடைத்தனர். அரசு படையை அனுப்பியது. எந்த ஊர் எல்லைக்குள், எந்த ஊர் எல்லைக்கு வெளியே என்ற வழக்கும் மூண்டது. இறுதியில் 1927ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை வரையறுத்தது. மண் தந்த சுவைக்கு மதிப்புத் தந்தது இந்த நெடிய போராட்டமே.

இனி நம் குடாநாட்டைப் பார்ப்போம். இங்கு வற்றாத ஆறில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் பட்டையால் நீர் வார்க்க, தலைமுறை தலைமுறையாகக் கிணற்றுநீர் இறைத்தே உரும்பிராய், இணுவில், சுன்னாகம் முதலிய ஊர்களின் செம்மண் பயன்தரு நிலமாயிற்று. நீரிறைக்கும் இயந்திரம் பின்னரே வந்தது.

குளிர்நாட்டில் பனிக்காலம் கொடியை உறங்கவைத்து, வசந்தம் அதை எழுப்புகிறது. உறக்கமறியாத இங்கத்திய கொடியைக் கவ்வாத்துச் செய்து, இலை களைந்து, அதன்பின்னரே புதுத் தளிரும் பூவும் எழச் செய்யவேண்டும். பருவம் அங்கே செய்யும் வேலையை இங்கே உழவனின் கத்தி செய்கிறது. பழம் முற்றும் வேளையில் பெருமழை பெய்தால் நோய் தாக்கும். ஆகவே கத்தி வைக்கும் நாளைக் கணிப்பதே பெருங்கலை. ‘இஸ்ரேல் புளூ’ என்னும் கருநீல இனம் இவ்வறிவினாலேயே இங்கு நிலைத்தது. தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைதாசர் சபையினர் திராட்சை இரசமும் வடித்துப் பெயர்பெற்றனர். ஆகவே, வெப்பம் தடையாயிருந்ததென்று எவரும் கூறமுடியாது.

தடை சந்தையிலிருந்து வந்தது. 1970 முதல் 1977 வரை ஆண்ட ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாண உழவனுக்கு நல்ல விலை தந்தன, தோட்டங்கள் செழித்தன. 1977இல் வந்த அரசு இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. அதே உழவன் பிறநாட்டு மலிவுச் சரக்கின்முன் தனித்து நின்றான். தொடர்ந்து போர் மூண்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் செம்மண் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. போர் 2009இல் முடிந்த பின்னரும் அக்காணிகள் பகுதி பகுதியாகவே திரும்பின.

செழிப்புற்ற காலத்தையும் நாம் கண்மூடிப் போற்றுவதற்கில்லை. காணியும் கிணறும் சாதிவழி பங்கிடப்பட்டிருந்த சமுதாயத்தில், பந்தலுக்குக் குழி தோண்டிய கூலியாளுக்கு அப்பந்தலின் இலாபத்தில் பங்கு கிடைத்ததா? அளவின்றி இட்ட இரசாயன உரம் நைத்திரேற்றாகக் கிணறுகளில் இறங்கியபோது, அதே நீரைக் குடித்தவர் யார்?

ஒரு திராட்சைப் பிரதேசத்தின் வெற்றியை வெப்பமானியால் மட்டும் அளக்கலாகாது. மண்ணும் நீரும் வேண்டும். உழைப்பவனின் நுண்ணறிவு வேண்டும். விளைபொருளின் விலையிலும் பெயரிலும் அவனுக்கு உரிமை வேண்டும். முதலிரண்டும் நம்மிடம் இருந்தன. மூன்றாவதை ஷாம்பெய்ன் உழவர் ஒன்றுகூடிப் போராடிக் கேட்டனர். நமக்கோ அது ஓர் அரசின் ஆணையால் வந்து, மற்றோர் அரசின் ஆணையால் போயிற்று. மீண்டும் பந்தல் போடுவோர் கொடியோடு கூட்டுறவையும் நடுவாராக.