மட்டக்களப்புப் புகையிரத நிலையம்

இலங்கையின் கிழக்குக் கரையில் புகையிரதம் எட்டும் தென்கோடி நிலையம். கொழும்புக் கோட்டையிலிருந்து பொல்காவலை, மாகோ, கல்லோயா, பொலன்னறுவை வழியாக ஏறத்தாழ 350 கிலோமீற்றர் வரும் பாதை இங்கே முடிகிறது. 1928இல் திறக்கப்பட்டது. அகலப் பாதை, ஒற்றைத் தண்டவாளம், டீசல் எஞ்சின். இதற்குத் தெற்கே காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீளும் கரை முழுவதும் தண்டவாளம் இல்லாத நாடு. அக்கரைப்பற்றிலிருந்து ‘கோச்சி’ பிடிக்க வேண்டுமானால் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் பஸ்ஸில் வர வேண்டும்.

கல்லோயாச் சந்தியில் கிழக்குப் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருகோணமலைத் துறைமுகத்துக்கும் மற்றது மட்டக்களப்புக்கும் போகிறது. பாதை வந்த காலத்தில் கல்முனையும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். ஆகவே இது முழு மாவட்டத்துக்கும் அமைந்த நிலையம். ஆனால் மாவட்டத்தின் நெல் விளைந்ததும் மக்கள் நெருங்கி வாழ்ந்ததும் பெரும்பாலும் மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே. நிலையத்திலிருந்து தெற்கே போக வாவியைக் கடந்தாக வேண்டும். அதற்கான கல்லடிப் பாலம் 1924இல் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் திறக்கப்பட்டது. அது வீதிப் பாலம்; தண்டவாளம் அதில் ஏறவில்லை.

வடக்கே நிலைமை வேறு. மகாவலியைக் கடக்கும் மன்னம்பிட்டிப் பாலத்திலும் ஓட்டமாவடிப் பாலத்திலும் புகையிரதமும் வாகனங்களும் நெடுங்காலம் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒடுங்கிய இரும்புச் சட்டகத்துக்குள், தண்டவாளத்தின் மேலேயே பஸ்ஸும் லொறியும் ஒரு திசைக்கு ஒரு முறையென ஊர்ந்து போகும். கோச்சி வரும் நேரம் படலை சாத்தப்படும்; இரு கரையிலும் வரிசை நீளும். புதிய வீதிப் பாலங்கள் அருகில் எழுந்த பிறகே அந்தக் காத்திருப்பு ஒழிந்தது.

பாதை முடியும் நிலையத்துக்கென்று ஒரு வேலை உண்டு. வந்த வண்டியின் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தால் ஓட்டி, மறுமுனையில் கொண்டுவந்து பூட்ட வேண்டும். வந்தபோது கடைசியாக இருந்த பெட்டி திரும்பும்போது எஞ்சினுக்கு அடுத்ததாகிவிடும். பகல் வண்டியான உதயதேவியும் இரவு வண்டியான மீனகயாவும் இந்தத் தடத்தில் பெயர் பெற்றவை.

1990களில் போரால் சேவை பொலன்னறுவைப் பக்கத்தோடு அறுந்து கிடந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின்னரே வண்டி மீண்டும் மட்டக்களப்பு வரை வந்தது. அந்த இடைவெளியில் கிழக்கு மக்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. உதயதேவியைப் பிடிப்பதென்றால் சுபஹு பாங்குக்கு வெகு முன்னரே வீட்டைவிட்டு இறங்க வேண்டும். முதியவர்களுக்கும், கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நோயாளிகளுக்கும் புகையிரதமே உடம்பை வருத்தாத பயணம். அவர்களுக்குத்தான் அது மிகத் தூரத்தில் இருக்கிறது.

பாதையைக் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை பழையது, நியாயமானது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்த பின்னர் அதன் தேவை இன்னும் கூடியது. ஆனால் எங்கே போடுவது என்பதே கடினமான கேள்வி. மருதமுனை தொடங்கிக் காரைதீவு வரை வீதியின் இரு புறமும் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. கரையோரம் போட முடியாது: 2004 டிசம்பர் 26 அன்று தென்மேற்குக் கரையில் பெரலியவில் சுனாமி ஒரு புகையிரதத்தையே புரட்டிப்போட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது, அதே காலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையும் அழிந்தது. மேற்கே போனால் வாய்க்கால்கள் ஊடறுக்கும் வயல். மாரியில் வெள்ளம் நிற்கும் மண். அங்கே மண் அணை கட்டினால் வெள்ளம் வடியும் வழி அடைபடும். அந்த வயலோரமாகத் தூண்களின் மேல் ஓடும் பாதையே இந்தக் கரைக்குப் பொருந்தும். செலவு கூடும், வீடுகளையும் வயலையும் அது குறைவாகத் தின்னும்.

சென்னையின் பறக்கும் ரயில் அப்படித்தான் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி எழுந்தது. தூண்கள் மேல் நிற்கும் வேளச்சேரி நிலையம் 2007 நவம்பரில் அதன் அப்போதைய முனை நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீற்றர்; அதற்குள் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நிலத்துக்கான வழக்கில் வேலை ஆண்டுக்கணக்காக நின்றது. இலங்கையில் தூண்மேல் ஓடும் நகர ரயில் இதுவரை இல்லை. கோட்டைக்கும் மாலபேக்கும் இடையே ஜப்பானியக் கடனில் திட்டமிட்டது 2020இல் கைவிடப்பட்டது.

தெற்கிலிருந்து வரும் பாதை மாத்தறையிலிருந்து பெலியத்தைக்கு 2019 ஏப்ரலில் நீண்டது. அடுத்து கதிர்காமம் வரை கொண்டுபோவதாகத் திட்டம். பெலியத்தையிலிருந்து மட்டக்களப்பு வரை உள்ள தென்கிழக்குக் கரையில் இன்று ஒரு நிலையமும் கிடையாது.